காலி வண்டி

களியக்காவிளை சோதனைச் சாவடியில்
பன்னிரண்டு வருடமாய் எனக்கு இரவு முறை.
வைக்கோல் லாரி, கோழிக் கூண்டு, நேந்திரங்குலை,
தூத்தூரிலிருந்து ஐஸ் சொட்டச் சொட்ட மீன் டெம்போ,
எல்லாவற்றுக்கும் என் பேரேட்டில் ஒரு வரி உண்டு.
என் மேசை இழுப்பறையில் ஒரு பங்கும் உண்டு.

ஆண்டவரே,
உம்முடைய அற்புதங்களை நான்
வேறெப்படிப் படிப்பேன், சொல்லும்.
சாயங்கால ஜெபத்தில் புஷ்பபாய் வாசிக்கும்போதே
என் மனம் தாளுக்கடியில் கார்பன் வைக்கும்.
ஆறு கற்சாடி. ரசீதில் தண்ணீர் என்றிருக்கிறது,
திறந்து பார்த்தால் திராட்சை ரசம்.
அப்பம் ஐந்து, மீன் இரண்டு என்று காட்டிய சரக்கு,
முடிவில் பன்னிரண்டு கூடை கூடுதல்.
இப்படி ஒரு லோடு எங்கள் பக்கம் வந்திருந்தால்
விடியும்வரை ஓரங்கட்டியிருப்போம்,
செல்லக்கண் சாவியைப் பிடுங்கியிருப்பான்.
கணக்கில் வராததெல்லாம் கள்ளம்
என்பது எங்கள் தொழிலின் முதல் பாடம்.
கணக்கில் வராத கிருபைக்கு
எங்களிடம் படிவம் இல்லை.

மீன் வாயில் காசெடுத்து நீர் வரி கட்டின கதை மட்டும்
எனக்கு ரொம்பப் பிடிக்கும்.
கட்டவேண்டியதில்லை என்றும் சொன்னீர்,
கட்டவும் செய்தீர்.
வாங்கினவன் கையில் கவிச்சி அடித்திருக்குமே.
அவன் யார், வீட்டில் எத்தனை பிள்ளைகள் என்று
ஒருவரும் எழுதி வைக்கவில்லை.

ஆனி மாதம், அடைமழை,
மணி மூன்று இருக்கும்.
பாறசாலைப் பக்கமிருந்து ஒரு லாரி வந்து நின்றது.
"காலியாணு சாரே" என்றான் சுகதன்.
தார்ப்பாய் மடித்துக் கிடந்தது. உள்ளே
கொஞ்சம் மழைத்தண்ணீர், ஒரு அறுந்த கயிறு.
சொல்லிக்கொண்டே ஐம்பது ரூபாயை நாலாய் மடித்து
சன்னல் கம்பிக்குள் நீட்டினான், பழக்கத்தில்.
வாங்கிக்கொண்டேன், பழக்கத்தில்.
வண்டி போன பிறகுதான் உறைத்தது.
ஒன்றுமில்லாததற்கும் வாங்கியிருக்கிறேன்.

அந்நேரம் கல்லறைக் காவலர்கள் நினைவுக்கு வந்தார்கள்.
உள்ளே யாருமில்லை என்று முதலில் அறிந்தவர்கள்.
அந்தக் காலியைக் கண்ட கண்ணோடு போய்
காசு வாங்கிக்கொண்டார்கள்.
எண்ணிப் பார்த்திருப்பார்கள். நானும் எண்ணுவேன்.

சூம்பின கைக்காரனிடம் கையை நீட்டச் சொன்னீர்.
நீட்டினான், குணமானது.
என் கையோ நீட்டி நீட்டியே சூம்பிப்போனது.
இதற்கு என்ன சொல்வீர்,
மடக்கு என்பீரோ?

ஆயத்துறையில் இருந்த ஒருவனையும் கூப்பிட்டீர்.
அவன் இருக்கையைத் தள்ளிவிட்டு எழுந்தான்.
திறந்து கிடந்த பேரேட்டை யார் மூடினார்கள்?
என்னால் எழ முடியவில்லை, ஆண்டவரே.
ஜெபிஷாவுக்கு நெய்யாற்றின்கரையில் நர்சிங், மூன்றாம் வருடம்.
வீட்டுப் பத்திரம் கூட்டுறவு வங்கியில்.
உமக்குத் தெரியும், என்றாலும் சொல்கிறேன்.
இருந்த இடத்திலிருந்தே பின்னால் வரலாமா
என்று கேட்பது எவ்வளவு கள்ளத்தனம்
என்பதும் தெரியும்.

நாலு மடங்காய்த் தருகிறேன் என்றானே
மரத்திலிருந்து இறங்கினவன்,
அந்தக் கணக்கு எனக்குப் புரியும்.
சட்டைப்பையில் இருநூறு வைத்துக் காத்திருந்தேன்.
ஒன்பது இரவு.
பத்தாம் நாள் சுகதன் வந்தான், இந்தமுறை ஓடு லோடு.
"இதெந்தா சாரே, புதிய ரேட்டாணோ?" என்று சிரித்தான்.
விஷயத்தைச் சொன்னேன்.
சிரிப்பு நின்றது. வைப்பர் இரண்டு தடவை போய் வந்தது.
ஐம்பதை மட்டும் உருவிக்கொண்டு
மீதியை என் மேசைமேல் வைத்தான்.
"எனிக்குள்ளது அம்பது."

நூற்றைம்பது ரூபாய்.
இழுப்பறையில் போட முடியவில்லை,
பையில் வைக்கவும் கூசியது.
குழல்விளக்கின் அடியில் ஈசல் விழுந்துகொண்டிருந்தது.
ஓட்டுக்கு உள்ளதை எழுதினேன், ரசீது கிழித்தேன்.
அடுத்த வண்டி ஹாரன் அடித்தது.
கையை எங்கே வைப்பதென்று தெரியாமல்
மடியில் வைத்துக்கொண்டேன்.
மரத்துப்போன இடத்தில் ரத்தம் ஓடும்போது
குத்துமே,
அப்படிக் குத்தியது.